கறுப்புக் காரும் காலைத் துணியும்

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கறுப்பு நிற கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போகிறார். போன வாரம் இரவு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பார்த்தால், பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். பாலிஷ் போடச் சொல்கிறார் ஒருவர். செராமிக் கோட்டிங் அடித்தால் இனி கோடே விழாது என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அந்தக் காலைத் துடைப்பை நிறுத்துங்கள்.

எட்டு மாதத்தில் இருநூறு தடவைக்கு மேல் உங்கள் காரில் தூசியை அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். தூசியில் மண் இருக்கிறது, மண்ணில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7, கண்ணாடியையே கீறிவிடும். கார் பெயின்ட்டின் மேல்பூச்சோ ஒரு வகை பிளாஸ்டிக்தான். துடைக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பக்கெட் தண்ணீரில் பத்துப் பதினைந்து காரைத் துடைக்கச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக் காரின் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் துணி உங்கள் பானெட்டுக்கு வருகிறது.

ஒரு விஷயம்: கோடுகள் உண்மையில் வட்டமானவை இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியதுபோலத் தெரிகிறது. மொபைல் டார்ச்சை அடித்து நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் உண்டு. கண்ணுக்குப் படாததால் அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பாலிஷுக்கு ஏன் அவசரப்படக் கூடாது என்றால், தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என அடுக்கடுக்காக இருப்பதெல்லாம் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான். பாலிஷ் போடும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது திரும்பாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அது மெலிந்துபோன பழைய கார்களின் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். துடைக்கும் முறையை மாற்றாமல் பாலிஷ் போட்டால் அடுத்த தீபாவளிக்குள் கோடுகள் திரும்பிவிடும், கிளியர் கோட்தான் குறைந்திருக்கும்.

சரி, எப்படிக் கழுவுவது? நிழலில், பானெட்டில் கை வைத்தால் சுடாத நேரமாகப் பாருங்கள். முதலில் வெறும் தண்ணீரை மட்டும் நன்றாக அடியுங்கள், எதுவும் தொடக் கூடாது. அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் முக்கி, கூரையிலிருந்து தொடங்கி, அழுத்தாமல் ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டைச் சாய்த்துவிட்டு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். இத்தனை நாள் பானெட்டில் தேய்ந்துகொண்டிருந்தது அதுதான்.

கதவின் அடிப்பகுதியும் சக்கரமும் கடைசியில், வேறு துணியில். தரையில் விழுந்த துணியைத் துவைக்கும்வரை காரில் பட விடாதீர்கள். ஈரத்தை எடுக்கும்போது தடிமனான துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் காயவே விடக் கூடாது, உப்புத் திட்டு படிந்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் மெழுகுப் பூச்சைக் கழுவிவிடும். பனியன் வேஸ்ட்டில் டீசல் தொட்டுத் துடைக்கும் பழைய டிரைவர் வைத்தியத்தில் அன்றைக்குப் பளபளக்கும். அந்த எண்ணெய்ப் பசையில் மறுநாள் இரண்டு மடங்கு தூசி ஒட்டும்.

வாரம் ஒரு கழுவல் போதும். நடுவில் தூசி படிந்தால் படியட்டும், அது சும்மா கிடக்கும்வரை கீறல் விழாது. தூசியோடு கவர் போட்டு மூடுவதுதான் ஆபத்து. காற்றில் கவர் ஆடும்போதெல்லாம் உள்ளே தேய்ப்புதான்.

இரண்டு மூன்று மாதம் இப்படிக் கழுவிப் பழகிய பிறகு பாலிஷைப் பற்றி யோசியுங்கள். கீறலின் மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கோடு மறைகிறது என்றால் அது கிளியர் கோட்டிலேயே நிற்கிறது, பாலிஷில் போகும். நகம் மாட்டினால் டச்-அப் பெயின்ட்தான் வழி. பற்பசை போட்டுத் தேய்க்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆனால் கார் பெயின்ட்டுக்காகச் செய்ததில்லை.

கடைக்குப் போனால் மீட்டர் வைத்துப் பெயின்ட் தடிமனை அளப்பார்களா என்று கேளுங்கள். சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் பாலிஷ் மிஷின் இருக்கும் கடையாகப் பாருங்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மிஷின் வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் சூட்டையும் கிளப்பும். தொழில் பழகிய புதிதில் ஒரு கதவு விளிம்பில் ரோட்டரியைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திவிட்டேன். விளிம்புகளில் பூச்சு மெல்லிசு. மிஷினில் மாட்டிய வெள்ளைப் பாலிஷ் பேடில் காரின் சிவப்பு ஒட்டி வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. கதவு முழுவதையும் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

முழுக் காரையும் ஒப்படைக்கும் முன் பானெட்டில் ஒரு சதுர அடி மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைப் பூசிக் கீறலை மறைத்திருந்தால் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

செராமிக் கோட்டிங் நல்லதுதான், தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும். ஆனால் விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை அளவு, வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவோடு சம்பந்தமே இல்லை. காய்ந்த துணியால் தேய்த்தால் அதிலும் கோடு விழும். கீறலை நிஜமாகவே வாங்கிக்கொள்வது பெயின்ட்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் எனப்படும் நிறமில்லாத பிளாஸ்டிக் படலம். கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு தடிமன், விலையும் அப்படித்தான். கட்டுப்படியானால் பானெட்டுக்கும் கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கும் மட்டும் ஒட்டலாம்.

துடைக்க வருகிறவரை அனுப்பிவிட வேண்டாம், சம்பளத்தையும் குறைக்காதீர்கள். சக்கரம், மிதியடி, சீட், உள்பக்கக் கண்ணாடி எல்லாம் அவர் பார்க்கட்டும். பெயின்ட் உள்ள இடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வேலை.