தெப்பக்காட்டுக் கோபமும் ஆஸ்கார் கணக்கும்

கேள்வி: 2023 ஆஸ்கார் விழாவில், நம் முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்குப் பரிசு கிடைத்தது. தயாரிப்பாளர் பேச வாயெடுத்ததுமே இசையைப் போட்டு அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த நிமிடமே டிவியை அணைத்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆஸ்கார் விழாவைப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஐந்தரைக் கோடிப் பேர் பார்த்த விழாவை இப்போது இரண்டு கோடிப் பேர்கூடப் பார்ப்பதில்லையாம். என்னைப் போன்றவர்களின் கோபம்தான் காரணம் என்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
— வாசகி ஒருவர், கூடலூர்

பதில்: உங்கள் மகன் நினைப்பதுதான் சரி, அம்மா. ஆனால் தம்பி சிரித்திருக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத்து அதிகாலை ஐந்தரை மணிக்கு, அதுவும் பிளஸ் டூ தேர்வு தொடங்கும் நாளில், கம்பளியை விட்டு எழுந்து வந்து டிவி முன் உட்கார்ந்தவருக்குக் கோபப்படும் உரிமை உண்டு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் ஐந்தரைக் கோடி 1998-ஆம் ஆண்டுக் கணக்கு, 'டைட்டானிக்' பரிசுகளை அள்ளிச் சென்ற வருடம். அந்த எண்ணும் சரி, இப்போதைய எண்ணும் சரி, அமெரிக்காவுக்குள் பார்த்தவர்களை மட்டும் நீல்சன் நிறுவனம் கணக்கிட்டுச் சொல்வது. கூடலூரும் பந்தலூரும் ஒரு வீடு விடாமல் விழித்திருந்து பார்த்திருந்தாலும் அதில் ஒரு தலை கூடியிருக்காது. மொத்தமாக அணைத்திருந்தாலும் ஒரு தலை குறைந்திருக்காது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கோபித்துக்கொண்ட 2023-இல் அந்த எண் ஏறத்தாழ 1.87 கோடி. நீங்கள் பார்க்காத 2024-இல் 1.95 கோடி, 2025-இல் 1.97 கோடி. நீங்கள் விலகிய முதல் இரண்டு ஆண்டுகளிலும் விழாவுக்குக் கூட்டம் கூடித்தான் இருந்தது!

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. ஆனால் இசையை வாசித்தவர்களோடு நின்றுவிட்டது. அதை வாசிக்க வைத்தது எது என்று நீங்கள் கேட்கவில்லை. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் பேசி முடித்தார். ஓர் இந்தியத் தயாரிப்புக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் இது என்று சொல்வதற்காகத் தயாரிப்பாளர் குனீத் மோங்கா அருகில் வந்தார். இசை கிளம்பிவிட்டது. ஒரு பரிசுக்கு 45 விநாடி என்பது அங்கே விதி. அந்த 45 விநாடிக்குப் பின்னால் இருப்பது, உங்கள் கோபத்தால் குறைந்ததாக நீங்கள் நினைக்கும் அதே ரேட்டிங்தான்.

ரேட்டிங் என்பது விழாவை எட்டிப் பார்த்த எல்லோரின் கூட்டல் அன்று. நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்து எடுக்கும் சராசரி. பெயர் தெரியாத ஒருவர் மேடையேறி நன்றி சொல்லும்போது கொஞ்சம் பேர் ரிமோட்டை எடுப்பார்கள், சராசரி சரியும். விளம்பர நேரத்தை விற்கிறவர்களுக்கு அந்த நிமிடங்கள் உறுத்தும். 2021-இல் கணக்கு 1.04 கோடிக்கு விழுந்தபோது அந்த உறுத்தல் பீதியாக மாறியது. அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? மொத்தம் 23 பரிசுகளில் எட்டை நேரலை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து முடித்து, நறுக்கிய துண்டுகளாக இடையிடையே காட்டினார்கள். படத்தொகுப்பு, ஒலி, ஒப்பனை ஆகியவற்றோடு குறும் ஆவணப்படப் பரிசும் அந்த எட்டில் ஒன்று. அதாவது நம் முதுமலைப் படம் ஓர் ஆண்டு முன்னதாக வென்றிருந்தால், கார்த்திகி மேடையேறியதைக்கூட நீங்கள் நேரலையில் பார்த்திருக்க முடியாது. திரைத்துறையினர் சண்டை போட்ட பிறகுதான் 2023-இல் எல்லாப் பரிசுகளும் நேரலைக்குத் திரும்பின. கடிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுமா? 2025-இல் சிறந்த நடிகராகத் தேர்வான ஏட்ரியன் ப்ரோடி ஐந்தரை நிமிடத்துக்கு மேல் பேசினார். இசை எழுந்தபோது நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். அது உலக சாதனையாகவும் பதிவாகிவிட்டது. நட்சத்திரம் பேசினால் ரிமோட் அசையாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கோபத்தை இந்த இடத்தில் வைத்திருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.

விழா நீளமாக இருப்பதால்தான் கூட்டம் போய்விட்டது என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். 1998 விழா மூன்றே முக்கால் மணி நேரம் ஓடியது, அம்மா. அப்போதுதான் ஐந்தரைக் கோடி. ஏனென்றால் பரிசு வாங்கப்போகும் படத்தை ஊரே பார்த்திருந்தது. தான் பார்த்த படம் ஜெயிக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்திருந்தது. 2021-இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தன, போட்டியிட்ட படங்களைப் பெரும்பாலோர் பார்க்கவில்லை. யார் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன? டிவிக்கே காலம் முடிந்துவிட்டது என்பதும் பாதி உண்மைதான். அதே அமெரிக்காவில் சூப்பர் பௌல் பந்தாட்டத்தை 12 கோடிக்கு மேற்பட்டோர் நேரலையில் பார்க்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு, நம் நாட்டுக் கணக்கிலாவது கூடலூர் உண்டா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 2015 முதல் 'பார்க்' (BARC) என்ற அமைப்பு வாரந்தோறும் ரேட்டிங் தருகிறது. டிவி உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். கணக்கெடுக்கும் பெட்டி இருப்பதோ 58,000-ஐ ஒட்டிய வீடுகளில். ஏறக்குறைய நாலாயிரம் வீட்டுக்கு ஒன்று. சமமாகப் பிரித்தால் நம் மாவட்டம் முழுவதற்கும் ஐம்பது பெட்டி தேறுவது கடினம். அப்படிச் சமமாகப் பிரிப்பதும் இல்லை. எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது ரகசியம். மும்பையில் அந்த ரகசியம் விலை போனது என்ற வழக்கால் 2020-இல் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். உங்கள் வீட்டில் பெட்டி இருந்தாலும் அது பதிவு செய்வது எந்தச் சேனல், எத்தனை நிமிடம், யார் யார் என்பதை மட்டுமே. ரசித்துப் பார்த்தவரும் திட்டிக்கொண்டே பார்த்தவரும் அதற்கு ஒன்றுதான். தமிழ்ச் சேனல்களின் விருது விழாக்கள் இதை நன்றாகவே அறிந்தவை. அங்கே யாரையும் இசை போட்டு இறக்குவதில்லை. பேச விட்டுவிடுவார்கள், வாரக்கணக்கில் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகும்போது, தன் பேச்சில் எவ்வளவு மிஞ்சியது என்று பேசியவரே டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யாருக்கும் கோபம் வருவதில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. படத்தில் யானைக் குட்டிகளை வளர்க்கும் தம்பதி பொம்மனும் பெள்ளியும் அன்று அந்த அரங்கில் இல்லை. பரிசுக்குப் பிறகு தமிழக அரசு அவர்களுக்கும், முதுமலை, ஆனைமலை முகாம்களின் 91 பாகன்கள், காவடிகளுக்கும் (பாகனின் உதவியாளர்கள்) ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது. வீடு கட்ட ரூ.9.10 கோடி அறிவித்தது. அதே ஆண்டில் பெள்ளி முகாமின் முதல் பெண் காவடியாக நியமன ஆணை பெற்றார். 2025 மே மாதம் தெப்பக்காட்டில் புது வீடுகள் திறக்கப்பட்டன. ஆஸ்கார் இசையைக் கண்டித்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. அந்த வீடுகளில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள், தென்மேற்குப் பருவமழையைக் கூரை தாங்குகிறதா என்று கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. கூடலூரிலிருந்து தெப்பக்காட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

விழாவைப் புறக்கணித்தே தீருவேன் என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். 2029 முதல் ஆஸ்கார் விழா அமெரிக்கத் தொலைக்காட்சியை விட்டு யூடியூபுக்குப் போகிறது, உலகம் முழுவதும் இலவசமாக. அங்கே கூடலூரில் ஒரு போனில் பார்த்தாலும் எண்ணிக்கையில் ஏறும், பார்க்காவிட்டால் ஒன்று குறையும். ஆகவே இப்போதைய விரதத்தை முடித்துக்கொண்டு அந்த ஆண்டு புதிதாகத் தொடங்குங்கள். தம்பியின் போனையும் அன்று காலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.