உளோம், போகீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 63. சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தருகிறேன். தைப்பூசத்துக்கு இருபத்திரண்டு முறை சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்திருக்கிறேன். முன்பெல்லாம் கோபுரம் கண்ணில் பட்டதுமே தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் இல்லை. வீட்டில் நோய், கடன், சாவு என்று எந்தக் காரணமும் கிடையாது. பாடுகிறேன், திருநீறு பூசிக்கொள்கிறேன், உள்ளே ஆளில்லாத வீடு போல இருக்கிறது. நண்பரிடம் சொன்னால், "சனிப் பெயர்ச்சி, எள் தீபம் போடுங்கள்" என்கிறார். போன மாதம் தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையன், "சார், நாம் பாடுவது சாமிக்குக் கேட்குமா?" என்றான். "கேட்கும்" என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் வேஷம் போடுகிறேனா? வகுப்பை விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்று கேட்கிறேன். சாப்பாடு ருசிக்கிறதா? பேச்சுத்துணை பிடிக்கிறதா? அதுவும் இல்லையென்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் தெரியவில்லை. கோயில் மட்டும்தான் உங்களுக்குக் கைவிட்டுப் போயிருக்கிறது.

வகுப்பில் நீங்கள் கற்றுத்தருவது என்ன? பண், பதம் பிரித்தல், எங்கே மூச்சு விடுவது. இதில் வேஷம் எதுவும் இல்லை. தொண்டை அடைப்பதற்காக எந்தப் பெற்றோரும் உங்களிடம் பிள்ளையை அனுப்பவில்லை. ஆனால் அந்தப் பையனிடம் "கேட்கும்" என்றீர்களே, அது பொய்தான். "பாடியவர்கள் கேட்கும் என்று நம்பினார்கள், எனக்கு இப்போது தெரியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பையன் தாங்குவான். தூங்காமல் கிடந்தீர்களே, அதுவரை சரி.

அன்னை தெரசா 1997இல் இறந்தார். பத்தாண்டு கழித்து, 2007இல், அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளான குருமார்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உள்ளே வறட்சியோடுதான் அவர் கல்கத்தாவில் வேலை செய்தார் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. கடிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தார். அவர்கள் அழிக்கவில்லை. 2016இல் திருச்சபை அவரைப் புனிதராகவும் அறிவித்துவிட்டது. எனக்கு இதில் பொறாமை ஒன்றில்தான்: எழுதுவதற்கு அவருக்கு ஆள் இருந்தார்கள். நம் கோயிலில் யாரிடம் சொல்வது? அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்று, முறை வரும்போது குருக்களிடம் "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்றா?

நம்மவர்கள் நடுவில் ஆள் வைக்காமல் சிவனிடமே நேராகச் சண்டைக்குப் போனார்கள். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. திருவொற்றியூரில் தம் மனைவி சங்கிலியாரிடம், பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தடவித் தடவித் திருவெண்பாக்கம் வந்து, "கோயிலுளாயே?" என்று கேட்கிறார். இருக்கிறாயா என்று! தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர், என்று பெயர் வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் வகுப்புப் பையன் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். உள்ளேயிருந்து வந்த பதிலும் பதிகத்திலேயே இருக்கிறது: "உளோம், போகீர்." இருக்கிறோம், போய் வாரும். அவ்வளவுதான். கண் கிடைக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அதை ஊன்றிக்கொண்டு நடந்தார். இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில்.

(அந்தத் திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். ஒருமுறை போயிருக்கிறேன். சுற்றிலும் வெயில், தண்ணீர், நல்ல காற்று.)

ஒரு கண்ணோடு திருவாரூர் போய்ப் பாடியதுதான் "மீளா அடிமை". "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடியும். நீரே நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்பது அதன் பொருள். செந்துருத்திப் பண்ணில் தேவாரத்தில் இருப்பது அந்த ஒரு பதிகம்தான். உரை சொல்பவர்கள் இதை நிந்தாஸ்துதி, பழிப்பது போலப் புகழ்வது என்று மெழுகிவிடுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மனிதர் நிஜமாகவே கோபப்பட்டார். அந்தக் கோபத்தையும் திருமுறையில் சேர்த்து, ஓதுவார்களை விட்டுச் சந்நிதியிலேயே பாட வைத்தார்களே, அங்கேதான் எனக்கு இந்த மரபின் மேல் மரியாதை.

என் அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். தோ பாயோவில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரிதான் சாமி இடம். அப்பா இறந்த பிறகு ஓராண்டு, தினமும் சாயங்காலம் எண்ணெய் ஊற்றுவார், திரியை நிமிண்டுவார், ஏற்றுவார். ஏற்றியதும் கும்பிடாமல் திரும்பி வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். ஒருநாள் கேட்டேன். "விளக்கேற்றுவது என் வேலை. பேச எனக்கு இப்போது ஒன்றும் இல்லை" என்றார். அடுத்த ஆண்டு ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது.

அலுத்துப்போயிருந்தால் வகுப்பை விடுங்கள், முப்பது ஆண்டு போதும். வேஷம் என்ற பயத்தில் விட வேண்டாம். பால்குடம் அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்காவிட்டால் என்ன? சும்மா பந்தலில் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். அந்த எள் தீபத்தை நண்பரே போடட்டும்.

வருகிற ஞாயிறு வெண்பாக்கத்துப் பதிகத்தின் முதல் பாட்டை எடுங்கள். பொருளை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "உளோம், போகீர்" வரும்போது அந்தப் பையன் முகத்தைப் பாருங்கள். சிரிப்பான் என்று நினைக்கிறேன். என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.