மருத்துவ வரலாற்று நூலகத்தில் பேனாவுக்கு ஏன் தடை?

லண்டனில் உள்ள வெல்கம் கலெக்‌ஷன் போன்ற நூலகத்துக்கு ஆய்வுக்குப் போகும் மாணவருக்கு வரும் முதல் சந்தேகம் இது. அரிய நூல் அறை என்பது, பழைய கையெழுத்துப் பிரதிகளையும் பழம்பதிப்புகளையும் கண்காணிப்போடு வாசிக்கத் தரும் இடம். அங்கே பென்சில் மட்டும்தான். மை தாளின் இழைக்குள் இறங்கிவிடும். பென்சில் கோடு மேலாகவே நிற்கும். பள்ளிச் சட்டையில் பட்ட மைக்கறையை அம்மா எத்தனை முறை தேய்த்திருப்பார்! 400 வருடத் தாளை அப்படித் தேய்க்கவே முடியாது. புத்தகத்தின் முதுகு உடையாமலிருக்க, நுரைத் தாங்கியில் பாதி திறந்தே வைக்க வேண்டும்.

அப்புறம், வெள்ளைக் கையுறை கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் பழைய புகைப்படங்களைத் தொடும்போதுதான். தாளைப் புரட்ட, கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது, கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும்.