மனநோயிலிருந்து மீண்டவர்களையே வார்டில் வேலைக்கு எடுக்கிறார்களே, அங்கே என்னதான் செய்வார்கள்?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தானே மனநோயிலிருந்து மீண்டு, மற்ற நோயாளிகளுக்குத் துணையாக வேலை பார்க்கிறவரைச் சக ஆதரவு உதவியாளர் என்பார்கள். அவருக்கு என்ன வேலை என்பது ஒன்று. நீங்களும் மனச்சோர்விலிருந்து மீண்டு வந்தவர், இதில் சேரலாமா என்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னால் இரண்டாவதுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் இதே மாதிரி வார்டுகளில் மூன்று தடவை படுத்திருந்தேன். எனக்கு இருமுனையப் பிறழ்வு, அதாவது பைபோலார். இன்றைக்கும் அதற்கான மருந்தான லித்தியம் சாப்பிடுகிறேன், அதற்காக ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறேன். மற்ற வேலைகளில் மூச்சு விடாமல் மறைக்கிற இந்த விஷயத்தை இங்கே விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். அதுதான் தகுதி. முதல் தடவை அந்தப் படிவத்தை நிரப்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலை என்று பார்த்தால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவரோடு உட்கார்ந்திருப்பேன். பேசினால் பேசுவேன், பேசாவிட்டால் நானும் பேச மாட்டேன். டாக்டரிடம் கேட்க நினைத்து, அவர் வரும்போது மறந்துபோகிற கேள்விகளைத் தாளில் எழுத உதவுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் குழுவாக உட்கார்ந்து பேசுவோம். டிஸ்சார்ஜ் ஆகிறவரோடு, மறுபடி சரிகிற மாதிரி இருந்தால் முதலில் என்ன அறிகுறி தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்றெல்லாம் ஒரு திட்டம் போடுவோம். மருந்து கொடுப்பதில்லை, நோய் இன்னதென்று சொல்வதில்லை, கவுன்சலிங்கும் செய்வதில்லை. டாக்டர், நர்ஸ், உளவியலாளர் எல்லாரும் செய்து முடித்த பிறகு மிஞ்சுகிற நேரம் ஒரு வார்டில் ரொம்ப அதிகம். நாளுக்கு இருபது மணி நேரமாவது இருக்கும். என் வேலை அந்த நேரத்தில்தான்.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பார்களே, என்னை வேலைக்கு எடுத்ததே அந்த நம்பிக்கையில்தான். நானும் அதை முழுசாக நம்பித்தான் உள்ளே போனேன். அது பாதிதான் சரி. என் தலைவலி எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவருடைய தலைவலி எனக்குத் தெரியாது. இது புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதற்குள் ஒரு தவறும் நடந்துவிட்டது.

இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன். மாத்திரை சாப்பிட்டால் மந்தமாக இருக்கிறது என்று தினமும் புலம்புவான். ஒருநாள் ‘அண்ணா, நீங்க எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா?’ என்று கேட்டான். பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்கு அப்போது ஒரு வீம்பு. ‘ஆமாம், ஒரு தடவை நானாகவே நிறுத்தினேன். மூணு மாசம் நல்லாத்தான் இருந்தேன், அப்புறம்...’ என்று ஆரம்பித்து, நாலாவது மாதத்தில் வேலை போனது, கடன் வாங்கியது, வார்டுக்கு வந்தது வரை எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். நல்ல பாடம் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு. அவன் காதில் விழுந்தது ‘மூணு மாசம் நல்லாத்தான் இருந்தேன்’ என்பது மட்டும். வீட்டுக்குப் போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். சில வாரங்களில் முன்பைவிட மோசமான நிலையில் அழைத்து வந்தார்கள். அவன் அம்மா என்னைப் பார்த்து, ‘நீங்களும் நிறுத்தினீங்களாமே தம்பி’ என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அன்றைக்கு என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘அந்தக் கதையை அவனுக்காகச் சொன்னாயா, உனக்காகச் சொன்னாயா?’ எனக்காகத்தான் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் நன்றாக இருந்த அந்தக் காலத்தின் மேல் எனக்கு இன்னும் ஒரு ஆசை இருந்தது. அவன் கேட்டதும் அது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால், ‘கேக்கணும்னு ஏன் தோணுச்சு?’ என்றுதான் முதலில் கேட்பேன். முக்கால்வாசிப் பேருக்கு என் கதை தேவையே இல்லை. மந்தமாக இருக்கிறது என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. ஒரு மணி நேரப் பேச்சில் என் கதை இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் ஏதோ தப்பாகப் போகிறது என்று எனக்கு நானே ஒரு அளவு வைத்திருக்கிறேன்.

அப்படியானால் நோய் வந்தவர் எதற்கு, நன்றாகக் கேட்கத் தெரிந்த யாரையாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். லித்தியம் சாப்பிடுகிற பலரைப் போல எனக்கும் கை லேசாக நடுங்கும். ஒருநாள் பேசவே பேசாத ஒரு அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளர் ஆடியதைப் பார்த்துவிட்டு, ‘லித்தியமா?’ என்றார். ‘ஆமாங்கம்மா.’ ‘எனக்கும்.’ பதினோரு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அப்புறம் தண்ணீர் தாகத்தைப் பற்றி, தம்ளரைப் பாதி நிரப்பினால் சிந்தாது என்பதைப் பற்றி, மற்றவர்கள் முன் கையெழுத்துப் போடும்போது வரும் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். எப்படி நோய் வந்தது, எப்படி மீண்டேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. நல்ல மனசும் பயிற்சியும் உள்ள வேறொருவர் அந்தத் தம்ளரைச் சிந்தாமல் கொடுத்திருப்பார்.

இது ஏதோ புதுப் பாணி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற பெண்மணி 1952-இல் அதே சிகிச்சை முடிந்து படுத்திருந்த மற்றப் பெண்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். உத்வேகப் பேச்சோடு நிற்கவில்லை. கைக்குப் பயிற்சி செய்ய ரப்பர் பந்து, கயிறு, ஆடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிக மார்பகம் என்று பையில் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு எது தேவைப்பட்டதோ அது பையில் இருந்தது. மனநலத்தில் இதைவிடவும் பழைய கதை ஒன்று உண்டு. பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் கழுத்துக் கட்டி நோய்க்காகச் சேர்ந்த ழான் பாப்தீஸ்த் புசேன், குணமானதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பிரிவின் பொறுப்பாளர் ஆனார். குணமானவர்களையே முடிந்தவரை பணியாளர்களாக எடுத்தார், நோயாளிகளை அடிப்பதற்குத் தடை போட்டார். அங்கே நோயாளிகளைக் கட்டிவைத்திருந்த சங்கிலிகளை அவர் 1797-இல் அகற்றினார். ஓவியங்களில் சங்கிலியை அகற்றுவதாக வரைந்திருப்பது என்னவோ அவரிடம் கற்றுக்கொண்ட டாக்டர் பினேலை. இதைப் படித்தபோது எங்கள் டீம் மீட்டிங் நினைவுக்கு வந்தது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மீட்டிங் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த வேலையின் பெயரிலேயே ஒரு இழுபறி இருக்கிறது. ‘சக’ என்பது நோயாளிகள் பக்கம் இழுக்கும், ‘உதவியாளர்’ என்பது ஊழியர்கள் பக்கம். வார்டுக் கதவின் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. ‘நான் உங்களில் ஒருத்தன்’ என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் மட்டும் வீட்டுக்குப் போகிறேன். அது அவர்களுக்குத் தெரியும். அதனால் அந்த வசனத்தையே விட்டுவிட்டேன். முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். நீங்கள் சொல்வதில் சிகிச்சைக்குத் தேவையானது குறிப்பில் ஏறும், அந்தக் குறிப்பை உங்கள் எதிரிலேயே எழுதுவேன். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் கட்டாயம் டீமிடம் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். சிலர் அதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பரவாயில்லை, பின்னால் தெரிந்து ஏமாறுவதற்கு இது மேல்.

ஊழியர்கள் பக்கம் வேறு கதை. ‘ஒத்துழைப்பதில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். போய்க் கேட்டால், அவர் குளிக்க மறுத்தது குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காக. இதை மீட்டிங்கில் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் கொஞ்சம் குரலை உயர்த்தினால், ‘நேத்து சரியாத் தூங்கினீங்களா?’ என்று அன்பாக ஒரு கேள்வி வரும். மற்றவர் கோபப்பட்டால் கோபம், நான் கோபப்பட்டால் அறிகுறி. ஆறு வருடத்தில் இதற்கு எனக்கு மருந்து கிடைக்கவில்லை. சம்பளமும் சுமார்தான், பதவி உயர்வு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

சரி, நீங்கள் சேரலாமா? பயிற்சியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2023-இல் வெளியிட்ட மாதிரி வரையறையில் 40 முதல் 60 மணி நேரப் பயிற்சியும், மேற்பார்வையில் 120 மணி நேர வேலை அனுபவமும் போதும் என்றிருக்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறும். எத்தனை வருடம் நோயில்லாமல் இருந்தீர்கள் என்பதைவிட நான் வேறொன்றைக் கேட்பேன். உங்கள் மோசமான நாட்களைப் பற்றி இன்னொருவர் பேச்சுவாக்கில் ஏதாவது சொன்னால், அன்று இரவு தூக்கம் வருமா? வராது என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். இந்த வேலையில் அது வாரம் ஒரு தடவையாவது நடக்கும். எனக்கு நடுவில் ஒரு தடவை சரிந்து, ஏழு வாரம் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது என் நாற்காலி அப்படியே இருந்தது. அப்படி இருக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள நேர்காணலில் நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். என்னை யார் மேற்பார்வை செய்வார், எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம்? என்னைப் போல இன்னொருவர் அங்கே இருக்கிறாரா, நான் மட்டும்தானா? மேற்பார்வை என்பது ஏதோ சலுகை இல்லை. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்டு அரசுக் காப்பீட்டில் இந்தச் சேவைக்குப் பணம் தருவது பற்றி 2007-இல் வந்த அரசுக் கடிதத்திலேயே அதுவும் ஒரு நிபந்தனை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. அங்கே நான் ஒருத்தன்தான், மேற்பார்வை என்று யாருமில்லை, கூட்டம் வரும் நாட்களில் படுக்கை விரிப்பு மாற்ற அனுப்பினார்கள். எட்டாவது மாதம் வெளியே வந்துவிட்டேன்.