பித்தப்பை ஆபரேஷன் அதிர்ச்சியை உடம்பு தாங்குமா?

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும்) ஆபரேஷன், பிரஷரும் இருக்கிறது, உடம்புக்கு ஏற்படும் அதிர்ச்சியைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருந்து டாக்டர். வழி நிச்சயம் உண்டு. அதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஆள் மயக்கத்தில் இருந்தாலும் உடம்பு சும்மா இருக்காது. காயம் பட்டதும் அட்ரினலின், கார்டிசால் என்ற நெருக்கடி கால ஹார்மோன்கள் சுரந்து, நாடி, பிரஷர், சர்க்கரை எல்லாம் ஏறும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கு அன்று சாயங்காலம் 170, 180 என்று காட்ட, வீட்டார் பதறிப்போவார்கள். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துக் காட்டிய பிறகு காயம் சிறிதானது, அழற்சியும் குறைந்தது. ஆனால் கார்டிசால் மட்டும் வயிற்றைத் திறந்து செய்வதைப் போலவே ஏறுகிறது. மானிட்டரில் இரண்டு நேரங்களில் கண்ணை எடுக்க மாட்டேன்: தொண்டையில் குழாய் போடும்போது, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பும்போது. பிரஷர் விறுவிறுவென ஏறும். அதற்கு முன்பே ஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்து கொடுப்போம். சிலருக்கு நாடியையும் பிரஷரையும் அடக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதி மருந்து. சர்ஜனுக்கு உள்ளே நன்றாகத் தெரிந்தால், வழக்கமான 12–15 mmHg வாயு அழுத்தத்தை 10 பக்கம் இறக்கச் சொல்வேன். துளை போடும் இடங்களில் மரத்துப்போக ஊசி, வாந்தி வராமலிருக்க ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன், அப்புறம் வலி வரும்வரை காத்திராமல் நேரத்துக்கு வலி மருந்து.

இனி உங்கள் பங்கு. முதலில் பட்டினி. "ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மதியம் வரை காயப்போடும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உடம்பு வறண்டு, இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகிவிடும். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். பால் சேர்த்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. நாள்பட்ட சர்க்கரை நோய், அடிக்கடி எதுக்களிப்பு என்றால் கணக்கு மாறும். ஆகவே உங்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மணி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலவற்றை அன்று காலை நிறுத்தச் சொல்வோம். பீட்டா பிளாக்கர் வகையைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து, நீங்களாக எதையும் விடாதீர்கள்.

குளிர் நடுக்கமும் அட்ரினலினை ஏற்றும். தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும்போதே அம்மாவுக்குக் கம்பளி கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். டாக்டர் சம்மதித்தால் அன்று சாயங்காலமே கைத்தாங்கலாக நடக்க வையுங்கள். தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால் வருவது, சில நாளில் போய்விடும்.

ஆனால் காய்ச்சல், கண் மஞ்சளாவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இவற்றை "ஆபரேஷன் அசதி" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.