ஒரே வைஃபை, ஆனால் பிரிண்டரைக் காணவில்லை

கேள்வி: வைஃபை பிரிண்டர் ஒன்று வாங்கினோம். போனில் இண்டர்நெட் வருகிறது, பிரிண்டரிலும் வைஃபை லைட் எரிகிறது, ஆனால் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் எதுவும் இல்லை என்கிறது. எங்களுடையது பழைய நாற்சார் வீடு. பின் அறைக்குச் சிக்னல் வராததால் தம்பி இன்னொரு ரவுட்டர் பூட்டியிருக்கிறான். அதனால் இருக்குமோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த இரண்டாவது ரவுட்டரில்தான் சந்தேகம். இண்டர்நெட் வருவது வேறு, வீட்டுக்குள் ஒரு சாமான் இன்னொன்றைக் கண்டுபிடிப்பது வேறு. பிரிண்டர் 'நான் இங்கே நிற்கிறேன்' என்று எல்லோருக்கும் கேட்க அறிவிக்கும், போனும் 'பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று அப்படியே பொதுவாகக் கேட்கும். எம்டிஎன்எஸ் என்கிற இந்த முறைக்கு 224.0.0.251 என்று ஒரு பொது முகவரி உண்டு, ஆனால் அந்தச் சத்தம் ரவுட்டரைத் தாண்டி அடுத்த வலையமைப்புக்குள் போகாது, வேண்டுமென்றே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாவிட்டால் ஆட்டோவும் ஓடுகிறது, நீங்களும் படலையில் நிற்கிறீர்கள், பாண் மட்டும் கிடைக்காது, அதே கதைதான்.

போனை ஒருக்கா முன் ரவுட்டரிலும் ஒருக்கா பின் ரவுட்டரிலும் இணைத்து, வைஃபை விபரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் தொடங்கினால் வீட்டுக்குள் இரண்டு ஒழுங்கை இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் இப்படி நடக்கும், ஆளை ஏமாற்றுவதே அதுதான். இரண்டாவது ரவுட்டரில் ஆக்சஸ் பொயிண்ட் மோட் (தனி வலையமைப்புப் போடாமல் முதல் ரவுட்டரின் வலையமைப்பையே நீட்டும் முறை) இருந்தால் அதற்கு மாற்றச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால், அதற்கு முதல் ரவுட்டரின் வரிசையிலேயே வேறு எதற்கும் போகாத ஒரு முகவரியைக் கொடுத்து, சாமான்களுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கடைசியாகத்தான் கேபிளை வான் (WAN) துளையிலிருந்து கழற்றி லான் (LAN) துளையில் செருக வேண்டும். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டிக்கு முகவரி கொடுக்கத் தொடங்கி இருக்கிற இண்டர்நெட்டும் போய்விடும். தம்பியைப் பேசாதீர்கள், அந்தக் காலத்துச் சுவரோடு மல்லுக்கட்டி வென்ற ரவுட்டரை நான் இன்னும் காணவில்லை.

கேள்வி: கடையில் கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஓஃப்லைன் என்று காட்டுகிறது, சில நாள் தானாகவே சரிவருகிறது. ஏன்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கரண்ட் வந்ததும் பிரிண்டர் சட்டென்று எழும்பிவிடும், ரவுட்டர் ஆறுதலாகத்தான் எழும்பும். முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் பிரிண்டர் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும், அதோடு யாரும் கதைக்க முடியாது. ரவுட்டர் எழும்பி இரண்டு நிமிடம் கழித்துப் பிரிண்டரை நிறுத்திப் போடுங்கள். வேறு சில நாள் சரியான முகவரிதான் கிடைத்திருக்கும், ஆனால் நேற்றையது இல்லை, கணினியோ பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், போனில் ஓடுவதை ரிவியில் காட்டும் குரோம்காஸ்ட் ஒன்று தந்துவிட்டுப் போனார். அவர் நின்றபோது அவருடைய போனில் வேலை செய்தது, இப்போது என் ஐபோனில் ரிவியின் பெயரே வரவில்லை.
– வாசகர், நல்லூர்

பதில்: மச்சானுக்கு விருந்தினர் வைஃபையைத் திறந்து கொடுத்தீர்களா? குரோம்காஸ்டும் அதிலேயே இருக்கக்கூடும். விருந்தினர் வைஃபை என்பது வீட்டுச் சாமான்களை வந்தவர் பார்க்காதபடி மறைக்கத்தான் இருக்கிறது, ஆகவே குரோம்காஸ்டை வீட்டு வைஃபைக்கு மாற்றுங்கள். அது இல்லையென்றால் ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (ஒரே வைஃபையில் உள்ள சாமான்களை ஒன்றையொன்று பார்க்க விடாத அமைப்பு) போட்டிருக்கிறதா பாருங்கள், அப்புறம் ஐபோன். 2020இல் வந்த ஐஓஎஸ் 14 தொடக்கம், உள்ளூர் வலையமைப்பைப் பார்க்க ஒவ்வொரு அப்பும் தனித்தனியாக அனுமதி கேட்கிறது, அவசரத்தில் வேண்டாம் என்று அமத்திவிட்டு மறந்திருப்போம். செட்டிங்ஸில் பிரைவசிப் பகுதிக்குள் லோக்கல் நெட்வேர்க் என்ற இடத்தில் திருப்பிப் போடலாம். போனின் தொடர்பை வெளியே வேறொரு சேர்வர் வழியாகத் திருப்பி அனுப்பும் விபிஎன் ஓடினாலும் இதே சிக்கல் வரலாம். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரவுட்டரைக் கழற்றிப் பூட்டி, வீட்டாரிடம் ஏச்சும் வாங்கி, பின்னேரம்தான் என் போனில் விபிஎன் ஓடுவதைக் கண்டேன்.

இவ்வளவும் செய்து சரிவராதவர்கள் ரவுட்டரின் மாடலை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், உங்கள் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது.