கடவுளுக்கு முன்னாடியே தெரியும்னா நம்ம கையில என்ன இருக்கு?

கேள்வி: சேவல் கூவுறதுக்குள்ள நீ என்னைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிப்பேன்னு இயேசு தன்னோட சீடர் பேதுருகிட்ட முன்னமே சொல்லிட்டாரு, அப்புறம் பேதுருவால வேற மாதிரி நடந்திருக்க முடியுமா? பேதுரு மேல என்ன தப்பு?

பதில்: தெரிஞ்சிருக்குறது வேற, செய்ய வைக்கிறது வேறங்க. முற்றத்துல குளிர் காஞ்சுட்டு இருந்த பேதுருகிட்ட ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டா, பயந்து போய் ‘அவரை எனக்குத் தெரியாது’ன்னாரு, யாரும் அவர் வாயைப் பிடிச்சு சொல்ல வைக்கல, அதனாலதான் வெளியே போய் அப்படிக் கதறி அழுதாரு. நேத்து நடந்தது நமக்கு ஞாபகம் இருக்குறதால அது நடந்துடல, அதே மாதிரிதான் கடவுளோட முன்னறிவும்னு பழைய காலத்து கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் சொல்வாரு.

எனக்கு இதைவிடப் பிடிச்சது பைபிள்ல 1 சாமுவேல் 23-ம் அதிகாரம். என்னைத் துரத்துற சவுல் ராஜா நான் இருக்குற கேகிலா ஊருக்கு வருவானா, ஊர்க்காரங்க என்னைப் பிடிச்சுக் கொடுப்பாங்களான்னு தாவீது கடவுள்கிட்ட கேக்குறாரு, ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வருது, உடனே தன்னோட ஆளுங்க சுமார் 600 பேரோட கிளம்பிடுறாரு, சவுல் வரவே இல்ல! மனுஷன் முடிவை மாத்தினா என்ன ஆகும்ங்கிறதும் கடவுளுக்குத் தெரியும்னு 1588-ல மொலினாங்கிற ஸ்பெயின் இயேசு சபை குருவானவர் விரிவா எழுதினாரு.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவங்க இதை ஒத்துக்கமாட்டாங்க, இரட்சிப்புக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறதுங்கிறது முழுக்க கடவுளோட சித்தம்னு 1618-19-ல நெதர்லாந்துல கூடின டார்ட் திருச்சபைச் சங்கத்துல, மனுஷனோட பதிலுக்கும் அதுல இடம் உண்டுன்னு சொன்ன அர்மீனியஸோட ஆதரவாளர்களைத் தள்ளியே வச்சாங்க. அவங்க பக்தியை நான் மதிக்கிறேன், ஆனா தாவீது கேள்வி கேட்டுட்டு எழுந்து நடந்ததைப் பார்த்தா என்னால அந்தப் பக்கம் போக முடியலங்க.